வீட்டிற்குள் வந்த அலுவலகம்

நம் முன்னோர் வாழ்ந்த வீடுகளில் கூடத்தின் ஒரு மூலையில் சாய்வான மூடியுடைய சிறு மேசை ஒன்று இருக்கும். தரையில் அமர்ந்து எழுதுவதற்கு ஏற்ற உயரம் உடையது அது. மூடியைத் தூக்கினால் உள்ளே மைக்கூடு, கட்டைப் பேனா, வரவு செலவு நோட்டு, வந்த கடிதங்களின் கட்டு, நிலத்தின் பத்திரம், பிள்ளைகளின் ஜாதகம், திருமணத்தில் எழுதிய மொய் நோட்டு ஆகிய யாவும் காணப்படும். கணக்குப்பிள்ளை மேசை என்று அதனை வழங்கினர். ஒரு குடும்பத்தின் அலுவலகம் அம்மேசையே எனில் மிகையன்று.

பிழைப்பை நாடி டில்லிக்கும் மும்பைக்கும் கொல்கத்தாவுக்கும் வந்து குடியேறிய தமிழர் அம்மேசையைத் தூக்கிக்கொண்டு வரவில்லை. ஆயினும் அதன்மேல் நடந்த வேலை அவர்களை விட்டு அகலவில்லை. மிகுந்தது என்றே கூறல் வேண்டும். உறவினர்க்குக் கடிதம், பிள்ளையைப் பள்ளியிற் சேர்க்க விண்ணப்பம், வீட்டு வாடகை ஒப்பந்தம், ஊர் நிலத்தின் குத்தகைக் கணக்கு, தமிழ்ச் சங்கத்தின் ஆண்டறிக்கை என ஊரிலிருப்போர் ஒரு மொழியில் முடித்துவிடும் வேலையைப் பிற மாநிலத்தில் வாழ்வோர் இரண்டு மூன்று மொழிகளில் செய்ய வேண்டியவராகின்றனர். இன்று அவ்வேலை பெரும்பாலும் கணிப்பொறியில் நடைபெறுகின்றது. கடிதம் எழுதுவதற்கு ஒரு செயலி, கணக்கு எழுதுவதற்கு ஒரு செயலி, படங்காட்டி விளக்குவதற்கு ஒரு செயலி என இவற்றை ஒன்றாகக் கட்டித் தரும் மென்பொருள் தொகுப்பையே 'ஆபீஸ்' என்று அழைக்கின்றோம். பெயரே அலுவலகம் என்று அமைந்தது பொருத்தமே.

நாள் முழுவதும் மும்மொழிக் கோப்புகளோடு காலங்கழிக்கும் மொழிபெயர்ப்புத் தொழிலினர் நாம். ஆதலின், "வீட்டிற்கு எந்த ஆபீஸ் ஏற்றது? விலை கொடுத்து வாங்குவதா, இலவசமாகக் கிடைப்பதைக் கொள்வதா, இணையத்திலேயே எழுதி வைப்பதா?" என்று நண்பர்கள் நம்மை வினவுவதுண்டு. விலையைப் பற்றியும் வசதியைப் பற்றியும் மட்டும் விடை கூறி அமைதல் எளிது. ஆனால், இத்தொகுப்புகளின் ஏறத்தாழ அரை நூற்றாண்டு வரலாற்றை நோக்குவோர்க்கு வேறொரு கேள்வி முன்னே வந்து நிற்கின்றது. இன்று எழுதி வைக்கும் ஏட்டை இருபது ஆண்டுகள் கழித்து நம் பிள்ளைகள் திறந்து படிக்க இயலுமா என்பதே அக்கேள்வி. அவ்வரலாற்றைச் சிறிது காண்போம்.

தொடக்கத்தில் தொகுப்பு என்று ஒன்று இல்லை. கடிதம் எழுதும் கருவி வேறாகவும் கணக்கிடும் கருவி வேறாகவும் இருந்தன. 1978-ஆம் ஆண்டில் வேர்ட்ஸ்டார் என்னும் சொற்செயலி அமெரிக்காவில் வெளிவந்தது. அதற்கு அடுத்த ஆண்டில் விசிகால்க் என்னும் அட்டவணைச் செயலி தோன்றிற்று. டான் பிரிக்லின் என்பார் ஹார்வர்டு வணிகப் பள்ளியில் மாணவராக இருந்தபொழுது, ஆசிரியர் கரும்பலகையில் கட்டங்கள் வரைந்து எண்களை நிரப்பியதையும், ஓர் எண் பிழையாகிவிட்டால் அதனைச் சார்ந்த எண்கள் அனைத்தையும் அழித்து மீண்டும் எழுதியதையும் கண்டார். ஒன்றை மாற்றினால் மற்றவை தாமே மாறும் பலகை ஒன்று அமைந்தால் எத்துணை நலம் என்று எண்ணினார். பாப் பிராங்ஸ்டன் என்னும் நண்பரின் துணைகொண்டு அதனை ஆக்கியும் காட்டினார். பேரேட்டில் ஒரு வரவு தவறாகப் பதிந்து, அடிக்கூட்டுத்தொகை வரை அடித்தடித்து எழுதிய நம் ஊர்க் கணக்குப்பிள்ளைக்கு இதன் அருமை ஒரு நொடியில் விளங்கியிருக்கும்.

1983-ஆம் ஆண்டு ஜனவரியில் மிட்ச் கேப்பர் என்பாரின் நிறுவனம் லோட்டஸ் 1-2-3 என்பதனை வெளியிட்டது. கணக்கு, வரைபடம், தகவற் பட்டியல் ஆகிய மூன்றையும் ஒன்றிற் காட்டியதால் அதற்கு அப்பெயர் வந்தது. மறு ஆண்டில் வந்த ஆப்பிள்வொர்க்ஸ் இன்னும் ஓர் அடி முன்னே சென்றது. கடிதம், கணக்கு, பட்டியல் ஆகிய மூன்றும் ஒரே தோற்றமும் ஒரே கட்டளை முறையும் உடையனவாய், ஒன்றில் எழுதியதை மற்றொன்றிற்கு எடுத்துச் செல்லும் வகையில் அமைந்தன. வீடுகளிலும் பள்ளிகளிலும் பரவியிருந்த சிறு கணிப்பொறியில் அது இயங்கியமையால், அலுவலகம் வீட்டிற்குள் நுழைந்த வாயில்களுள் ஒன்றாக அதனைக் கருதலாம். 1987-ஆம் ஆண்டில் மைக்ரோசாப்ட் நிறுவனமும் ஐ.பி.எம். வகைக் கணிப்பொறிகளுக்கு வொர்க்ஸ் என்னும் சிறு தொகுப்பை வெளியிட்டது. விலை குறைந்ததும், புதிய கணிப்பொறியோடு பல வேளைகளில் சேர்ந்தே வந்ததும் ஆகிய அது வீட்டுக்கென்றே செய்யப்பட்டதாகும்.

அந்நிறுவனத்தின் பெருந்தொகுப்பான ஆபீஸ் 1989-இல் மெக்கின்டாஷ் கணிப்பொறிக்கும் 1990-இல் விண்டோசுக்கும் வந்தது. வேர்டு, எக்செல், பவர்பாயின்ட் ஆகிய மூன்றும் அதன் அங்கங்கள். இவற்றுள் பவர்பாயின்ட் அந்நிறுவனம் தானே ஆக்கியதன்று. ஃபோர்தாட் என்னும் சிறு நிறுவனத்தை 1987-ஆம் ஆண்டில் 1 கோடியே 40 இலட்சம் டாலருக்கு வாங்கியதன் வாயிலாகக் கிடைத்தது. அக்காலத்தில் சொற்செயலியில் வேர்ட்பெர்ஃபெக்ட் முதன்மை பெற்றிருந்தது. கணக்கில் லோட்டஸ் முதன்மை பெற்றிருந்தது. ஆயினும் தனித்தனியே வாங்குவதினும் ஒன்றாக வாங்குதல் மலிவு என்னும் நிலை வந்தபின், தனிக்கடைகள் தளர்ந்தன. வேர்ட்பெர்ஃபெக்ட் 1994-லும் 1996-லும் கைமாறிற்று. லோட்டஸ் நிறுவனத்தை 1995-இல் ஐ.பி.எம். வாங்கியது, உலகெங்கும் கணக்கெழுதிய 1-2-3-க்கு அளித்துவந்த ஆதரவும் 2014-ஆம் ஆண்டு செப்டம்பரில் நின்றது. வொர்க்ஸ் தொகுப்பும் 2010-ஆம் ஆண்டையொட்டி முடிவுற்றது.

இவ்விடத்தில் சற்று நின்று நோக்குதல் வேண்டும். ஒரு தொகுப்பு மறைவது வணிகத்தில் இயல்பே. ஆனால் அதன்கண் எழுதப்பட்ட கடிதங்களும் கணக்குகளும் அதனோடு மறையலாகாது அன்றோ? ஒவ்வொரு தொகுப்பும் தன் கோப்புகளைத் தனக்கே உரிய வடிவில் எழுதி வைத்தது. ஒரே நிறுவனத்தின் சிறிய தொகுப்பில் எழுதிய கடிதம்கூடப் பெரிய தொகுப்பின் வடிவில் அமையவில்லை. ஆபீஸ் 97 வந்தபொழுது வேர்டின் கோப்பு வடிவம் மாறிற்று. புதியதில் எழுதிய கோப்பை இரண்டாண்டு முந்தையதில் திறப்பதற்கு இடைக்கருவி ஒன்று வேண்டியதாயிற்று. 2007-ஆம் ஆண்டுப் பதிப்பில் வடிவம் மீண்டும் அடியோடு மாறியது. அதே 2007-ஆம் ஆண்டின் இறுதிப் பகுதியில், ஆபீஸ் 2003-க்கு வந்த ஒரு திருத்தத் தொகுதி பாதுகாப்பைக் காரணங்காட்டிப் பழைய கோப்பு வடிவங்கள் சிலவற்றைத் திறக்கவொட்டாமல் தடுத்தது. மக்கள் முறையிட்டபின் தடையை நீக்கும் வழியை நிறுவனம் எளிதாக்கிற்று. பெட்டியைச் செய்தவனிடமே திறவுகோல் இருக்குமாயின் நேரக்கூடியது யாது என்பதற்கு இது சான்று.

தமிழில் எழுதியோர்க்கு இவ்வல்லல் இரட்டித்தது. கோப்பின் வடிவம் ஒரு பூட்டு. அதனுள் எழுத்தின் குறியீட்டு முறை இன்னொரு பூட்டு. கணிப்பொறி எழுத்துகளை எண்களாகவே அறியும். உலக மொழிகள் யாவற்றின் எழுத்துகளுக்கும் தனித்தனி எண் வழங்கும் யூனிகோடு முறை 1991-ஆம் ஆண்டில் முதற் பதிப்பாக வந்தபொழுதே தமிழுக்கு அதில் இடம் கிடைத்துவிட்டது. ஆனால் வீட்டுக் கணிப்பொறிகளில் அது வேலை செய்யத் தொடங்கியது விண்டோஸ் 2000 வெளிவந்த பின்னரே. தேவநாகரிக்கு மங்கள் என்றும் தமிழுக்கு லதா என்றும் எழுத்துருக்கள் அதனோடு வந்தன. அதுவரை நாம் கையாண்டது ஓர் உபாயமே. ஆங்கில எழுத்துக்குரிய எண்ணின் இடத்தில் தமிழ் எழுத்தின் உருவத்தை வரைந்து வைத்தனர். கணிப்பொறி தான் ஆங்கிலத்தை எழுதுவதாகவே எண்ணிக்கொண்டிருக்கும். கண்ணுக்கு மட்டும் தமிழ் தோன்றும். இவ்வுருவங்களை எந்த எண்ணில் வைப்பது என்பதில் ஒவ்வோர் எழுத்துரு செய்தவரும் தத்தம் விருப்பப்படி நடந்தனர். 1999-ஆம் ஆண்டு பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழிணையம் மாநாடு தமிழ்99 விசைப்பலகையையும், டாம், டாப் என்னும் குறியீட்டு முறைகளையும் வகுத்து ஓர் ஒழுங்கை உண்டாக்க முயன்றது. 2010-ஆம் ஆண்டு ஜூனில் தமிழ்நாட்டு அரசு யூனிகோடைத் தரமாக ஏற்று ஆணை பிறப்பித்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் எழுதியோரின் ஏடுகள் என்னவாயின?

நம் வீட்டில் நிகழ்ந்ததையே கூறுவோம். நம் தந்தையார் மதுரைச் சீமையிலிருந்து டில்லிக்கு வந்து, முப்பதாண்டுகளுக்கு மேல் அரசுப் பணியாற்றி, ஓய்வு பெற்ற காலத்தில் ஒரு கணிப்பொறி வாங்கினார். கணிப்பொறியோடு சிறு தொகுப்பு ஒன்றும் வந்தது. அச்சுக்கோப்பு வேலை செய்த நண்பர் ஒருவர் தமிழ் எழுத்துரு ஒன்றை அதிற் சேர்த்துக் கொடுத்தார். மாலை வேளைகளில் ஒவ்வொரு விசையாகத் தேடித் தட்டித் தம் பாட்டனார் காலந்தொட்டுக் குடும்ப வரலாறு எழுதினார். 2003-ஆம் ஆண்டில் நம் தமக்கையாரின் திருமணம் ஊரில் நடைபெற்றது. அப்பொழுது மொய் நோட்டில் இருந்த 212 பெயர்களையும் தொகைகளையும் அட்டவணையாக ஏற்றி வைத்து, "இனி இது கரையான் அரிக்காது" என்று மகிழ்ந்தார். மூல நோட்டு பின்னர் வீடு மாறியபொழுது தொலைந்தது. அதனைப் பற்றி ஒருவரும் கவலைப்படவில்லை, கணிப்பொறியில்தான் இருக்கின்றதே!

தந்தையார் 2014-இல் மறைந்தார். 2017-ஆம் ஆண்டில் ஊரிலிருந்து ஒரு திருமண அழைப்பு வந்தது. மொய் என்பது வெறும் அன்பளிப்பன்று. வாங்கியதை மறவாமல் கூட்டித் திருப்பும் கடமை அது என்பதை நேயர்கள் அறிவர். அவர்கள் நமக்குச் செய்தது எவ்வளவு என்று நம் தாயார் கேட்டார். பழைய வட்டைத் தேடியெடுத்துக் கோப்பைத் திறக்க முயன்றோம். அலுவலக வேலைக்கென நாம் வாங்கி வைத்திருந்த தொகுப்பு, இக்கோப்பு இன்னதென்றே தெரியவில்லை எனக் கைவிரித்தது. பல முயற்சிகளுக்குப் பின் இலவசத் தொகுப்பாகிய லிப்ரே ஆபீஸ் அதனைத் திறந்தது. திறந்தும் பயன் என்ன? திரை முழுவதும் ஆங்கில எழுத்துகளும் அடைப்புக்குறிகளும் பொருளின்றி நிறைந்திருந்தன. அந்த எழுத்துரு நம்மிடம் இல்லை.

எழுத்துருவின் குறியீட்டு முறையை ஊகித்து, யூனிகோடாக மாற்றும் கருவி ஒன்றில் இட்டபொழுது பெயர்கள் உயிர் பெற்று எழுந்தன. ஆனால் மாற்றும் வழியில் அட்டவணையின் கட்டங்கள் குலைந்து, பெயர்கள் ஒரு நிரலாகவும் தொகைகள் ஒரு நிரலாகவும் பிரிந்தன. பெயர்கள் 212, தொகைகளோ 203. பணத்திற்கு மாறாகப் பொருளாகத் தந்தவர்களுக்கு நேரே தந்தையார் வெற்றுக் கட்டம் விட்டிருந்தார். அவ்வெற்றுக் கட்டங்களே விடுபட்டுப் போயின. எவர்க்கு நேர் எத்தொகை என்பது அறியாதவாறு பட்டியல் முழுதும் இடம் பிறழ்ந்து நின்றது. பெயர்களை ஒவ்வொன்றாகத் தாயாரிடம் படித்துக் காட்டினோம். "இவர் குத்துவிளக்கு கொடுத்தார், இவர் பித்தளை அண்டா, இவள் பட்டுப்புடவை" என்று எழுபத்தோராம் வயதில் அவர் ஒன்பது பெயரையும் பிழையின்றிச் சொன்னார். அவ்வொன்பது இடங்களையும் வெற்றிடமாக விட்டுத் தொகைகளை நிரப்பியபொழுது எல்லாம் நேர்ப்பட்டன. கணிப்பொறி காத்து வைக்காததை ஒரு தாயின் நினைவு காத்தது. எல்லா வீட்டிலும் அத்தகைய நினைவு கிடைக்கும் என்று நம்பி இருத்தல் இயலாது.

அன்று நமக்குக் கைகொடுத்த இலவசத் தொகுப்பின் வரலாறும் அறியத்தக்கதே. ஜெர்மனியில் லூனபர்க் என்னும் நகரில் 1985-ஆம் ஆண்டு மார்க்கோ பொரீஸ் என்னும் பதினாறு வயது இளைஞர் ஸ்டார் டிவிஷன் என்னும் நிறுவனத்தைத் தொடங்கி, ஸ்டார்ரைட்டர் என்னும் சொற்செயலியை விற்றார். அது வளர்ந்து ஸ்டார் ஆபீஸ் என்னும் தொகுப்பாயிற்று. 1999-இல் அதனை வாங்கிய சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம், மறு ஆண்டில் அதன் மூல நிரலை எவரும் படித்துத் திருத்திப் பயன்படுத்தும் வண்ணம் பொதுவில் வைத்தது. அதுவே ஓப்பன் ஆபீஸ். 2002-ஆம் ஆண்டு மே மாதம் அதன் முதற் பதிப்பு வந்தது. மூல நிரல் பொதுவானமையால் அந்தந்த மொழியினர் அதனைத் தத்தம் மொழிக்கு ஆக்கிக்கொள்ள இயன்றது. நம் மத்திய அரசின் தகவல் தொழில்நுட்பத் துறை 2005-ஆம் ஆண்டு ஏப்ரலில் சென்னையில் இலவசமாக வெளியிட்ட தமிழ் மென்பொருட் குறுவட்டில், எழுத்துருக்களோடு தமிழ்ப்படுத்திய ஓப்பன் ஆபீசும் இடம்பெற்றது. கட்டளைகளையும் தமிழிற் படித்துக் கணிப்பொறியைக் கையாளலாம் என்னும் செய்தி அன்று பலர்க்குப் புதுமையாக இருந்தது.

2010-ஆம் ஆண்டில் சன் நிறுவனத்தை ஆரக்கிள் வாங்கியது. பொதுச் சொத்தின் வருங்காலம் ஒரு நிறுவனத்தின் விருப்பத்தைப் பொறுத்ததாகிவிடுமோ என்று அஞ்சிய தொண்டர்கள், அவ்வாண்டு செப்டம்பர் 28-ஆம் நாள் டாக்குமென்ட் ஃபவுண்டேஷன் என்னும் அமைப்பை நிறுவி, லிப்ரே ஆபீஸ் என்னும் பெயரில் வேலையைத் தொடர்ந்தனர். வணிக நிறுவனம் ஒன்று மூடினால் அதன் கடை முடிந்தது. மூல நிரல் பொதுவாயின் கடையாட்கள் வெளியேறி எதிரே கடை திறக்கலாம். ஓப்பன் ஆபீஸ் பின்னர் அப்பாச்சி அமைப்பிற்கு அளிக்கப்பட்டது. பெயர்ப் பழக்கத்தால் இன்றும் அதனைத் தேடிப் பதிவிறக்குவோர் உளர். ஆனால் அதன் 4.1 பதிப்பு 2014-இல் வந்தது. பின்னர்ச் சிறு திருத்தங்களே வந்துள்ளன. லிப்ரே ஆபீசோ ஆண்டிற்கு இருமுறை புதுப்பிக்கப்படுகின்றது. ஆதலின் இலவசத் தொகுப்பை நாடுவோர் லிப்ரே ஆபீசையே கொள்ளுதல் நன்று.

இதனிடையே கோப்பு வடிவம் பற்றிய வழக்கு உலக அரங்கிற்கு வந்தது. எந்த நிறுவனத்திற்கும் தனியுரிமையாகாத திறந்த ஆவண வடிவத்தை, ஓயாசிஸ் என்னும் தர அமைப்பு 2005-ஆம் ஆண்டு மே மாதம் ஏற்றது. மறு ஆண்டில் அது பன்னாட்டுத் தரமாயிற்று. 2005-இலேயே அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் அரசின் ஆவணங்கள் திறந்த வடிவில் அமைதல் வேண்டும் என்று விதித்தது. பொதுமக்களின் ஆவணத்தைப் பல்லாண்டு கழித்தும் எவரும் படிக்க இயல வேண்டும் என்பதே அதன் கருத்து. மைக்ரோசாப்ட் நிறுவனமும் தன் புதிய வடிவத்தை வெளிப்படையாக எழுதிப் பன்னாட்டுத் தரத்திற்கு விண்ணப்பித்தது. 2007-ஆம் ஆண்டு வாக்கெடுப்பில் அது வெற்றி பெறவில்லை; 2008-இல் வென்றது. இந்தியத் தர நிர்ணய அமைவனம் இருமுறையும் எதிர்த்தே வாக்களித்தது. 2010-ஆம் ஆண்டு நவம்பரில் மின்னாளுகைக்கான திறந்த தரக் கொள்கையை இந்திய அரசு அறிவித்தது. இவ்வழக்கில் வென்றவர் எவர் என்பது வீட்டுக்காரர்க்கு வேண்டாத ஆராய்ச்சி. இரு வடிவங்களின் இலக்கணமும் அச்சேறிவிட்டது. இன்று ஒருவர் கோப்பை மற்றவர் செயலி பெரும்பாலும் திறக்கின்றது. அவ்வழக்கால் நமக்குக் கிட்டிய ஊதியம் அதுவே.

மூன்றாவது வழி இணையத்தில் பிறந்தது. 2005-ஆம் ஆண்டில், சென்னையில் வேரூன்றிய இன்றைய ஜோகோ நிறுவனம் உலாவியிலேயே எழுதும் ரைட்டர் என்னும் சொற்செயலியை வெளியிட்டது. 2006-ஆம் ஆண்டில் கூகிள் நிறுவனம் ரைட்லி என்பதனை வாங்கித் தன் டாக்ஸ் செயலிக்கு அடிகோலிற்று. மைக்ரோசாப்டும் 2013-ஆம் ஆண்டு முதல் வீட்டாருக்குச் சந்தா முறையைக் கொண்டுவந்தது. மேசையும் ஏடும் வீட்டில் இல்லை. வேறொருவர் மாளிகையில் இருக்கின்றன. நமக்கு நுழைவுச் சீட்டு மட்டும் உண்டு என்னும் நிலை இது. வசதி பெரிது, பொறுப்பும் பெரிது.

இனி, தேர்ந்தெடுக்கும் முறையைக் காண்போம். எல்லா வீட்டிற்கும் ஒரே விடை பொருந்தாது.

கல்லூரிப் பிள்ளைகளும் வெளி அலுவலகங்களோடு நாள்தோறும் கோப்பு மாற்றிக்கொள்வோரும் உள்ள வீட்டில் விலைத் தொகுப்பைத் தவிர்த்தல் அரிது. வரிகளும் படங்களும் சிறிதும் இடம் மாறாமல் இருத்தல் அங்கு இன்றியமையாதது. சந்தாவாகக் கொண்டால் குடும்பத்தில் அறுவர் வரை பங்கிட்டுக்கொள்ளும் வகையும் உண்டு. ஆனால் சந்தா நின்றபின் கணிப்பொறியிலுள்ள செயலியிற் கோப்பைப் பார்க்கலாம், அச்சிடலாம். திருத்த முடியாது என்பதை நினைவிற் கொள்க. ஒரே முறை விலை கொடுத்து வாங்கும் பதிப்பும் விற்கப்படுகின்றது. வீட்டுப் பதிப்பெனப் பெயரிட்டவற்றுள் சில, வணிக வேலைக்கு உரிமம் அளிப்பதில்லை. கடை வைத்திருப்போர் உரிமத்தைப் படித்து வாங்குவது நலம். கணிப்பொறி கட்டித்தரும் கடைக்காரர் உரிமமற்ற நகலை இட்டுத் தருவது முன்பு ஊரறிந்த வழக்கம். இலவசமாகவே நல்ல தொகுப்பு கிடைக்கும் இந்நாளில் அதற்கு ஒரு நியாயமும் இல்லை.

கடிதம், விண்ணப்பம், வரவு செலவு, சங்க அறிக்கை என்னும் அளவில் வேலை உடைய வீட்டிற்கு லிப்ரே ஆபீஸ் முற்றும் போதுமானது. இணையம் இன்றியும் இயங்கும். பழைய தொகுப்புகள் பலவற்றின் கோப்புகளைத் திறக்கும் ஆற்றல் அதற்கு உண்டு. தமிழில் எழுதுவோர் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். ஆங்கில எழுத்துக்கும் இந்திய மொழி எழுத்துக்கும் அதில் எழுத்துருவும் அளவும் தனித்தனியே அமைக்கப்படும். மொழி அமைப்பிற் சென்று தமிழுக்குரியதைத் தேர்ந்து வைக்காவிடில், எழுத்துருவை மாற்றியும் தமிழ் மாறவில்லையே என்று மயங்க நேரும். பலர் அச்செயலியைக் கைவிட்டதற்கு இச்சிறு மயக்கமே காரணமாக இருந்ததை நாம் கண்டுள்ளோம்.

உடன்பிறந்தோர் ஒருவர் டில்லியிலும் ஒருவர் புணேயிலும் ஒருவர் ஊரிலுமாக இருந்து ஒரே கணக்கைப் பார்க்கவேண்டிய வீட்டிற்கு இணையச் செயலியே தக்கது. கைப்பேசியிலும் திறக்கலாம், விசை தட்ட இயலாத முதியோர் வாயாற் சொல்லியும் தமிழில் எழுதலாம். ஆனால் ஒரு செய்தி: ஈராண்டுகள் பயன்படுத்தாமல் விட்ட தனியார் கணக்குகளை 2023-ஆம் ஆண்டு டிசம்பர் முதல் கூகிள் நீக்கத் தொடங்கியது. கணக்குக்கு உரியவர் மறைந்து, கடவுச்சொல்லை அறிந்தோர் எவரும் இல்லாவிடில், அவர் எழுதியவையும் உடன் மறையும். ஆண்டிற்கு ஒருமுறை, பொங்கலுக்கு வீட்டைத் துப்புரவு செய்யும்பொழுது, ஏடுகளையும் இறக்கி ஒரு படி எடுத்து வைப்பதை வழக்கமாக்கிக் கொள்ளல் நன்று.

எதைத் தேர்ந்தாலும் சில நெறிகள் பொது. தமிழை யூனிகோடில் மட்டுமே எழுதுக. கோப்பைப் பொதுத் தரமாகிய வடிவில் சேமிக்க. முடிந்துபோன ஆவணத்தைப் பி.டி.எஃப். வடிவிலும் ஒரு படி வைக்க. மிக வேண்டியதைத் தாளிலும் அச்சிட்டு வைக்க. கடவுச்சொல்லை வீட்டில் இன்னொருவர்க்குச் சொல்லி வைக்க. ஒரு தொகுப்பை வாங்கும் முன் சோதனை ஒன்றும் செய்து பார்க்கலாம்: உங்களிடம் உள்ள மிகப் பழைய கோப்பு ஒன்றை அதிற் திறவுங்கள், தமிழும் ஆங்கிலமும் கலந்த பத்தி ஒன்றையும் சிறு அட்டவணையையும் எழுதிச் சேமித்து, வேறொரு தொகுப்பில் திறந்து பாருங்கள். விளம்பரம் சொல்லாததை அச்சோதனை சொல்லிவிடும்.

தந்தையாரின் ஏடுகளை நாம் இவ்வாறே மூன்று படிகளாக எடுத்து, ஒன்றைத் தமக்கையாரிடமும் ஒன்றை ஊரிலும் வைத்துள்ளோம். மொய்ப் பட்டியலில் அவர் வெறுமையாக விட்ட ஒன்பது கட்டங்கள் இப்பொழுது வெறுமையாக இல்லை. தாயார் சொல்லச் சொல்ல அவற்றில் எழுதினோம்: குத்துவிளக்கு, அண்டா, பட்டுப்புடவை.